செத்தவர்களுக்குப் புடலங்காய்

உப்பில்லாமல் வேகவைத்த புடலங்காயை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு பழைய பனியனைத் துவைத்து, வெந்நீரில் ஊறப்போட்டு, ஒரு மூலையைக் கடித்துப் பாருங்கள். பனியன் தேவலை. அதில் வியர்வை உப்பாவது மிச்சமிருக்கும்.

பதினோரு வருஷமாக அந்தக் கண்றாவியைக் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை மென்றவன் நான். சம்பளத்துக்குத்தான். கைசர் ஜஹான் அம்மா நடத்தும் பத்தியச் சாப்பாட்டுக் கம்பெனிக்கு மயிலாப்பூரில் ஒன்று, தி. நகரில் ஒன்று, அடையாற்றில் ஒன்று என்று மூன்று சமையலறைகள். சர்க்கரைக்காரர், ரத்தக்கொதிப்புக்காரர், கிட்னி கெட்டவர் எல்லோருக்கும் வீட்டுக்கே கேரியர் போகும். உப்பு ஒரு சிட்டிகை தவறி விழுந்திருக்கிறதா என்று ருசி பார்த்துச் சொல்வது என் வேலை. அதாவது, ருசி இல்லை என்று சான்றிதழ் கொடுப்பவன்.

மோரைக் குடித்தே மாடு கிழக்கே பார்த்து நின்றதா மேற்கே பார்த்து நின்றதா என்று என் நாக்கு சொல்லிவிடும் என்று சொல்லித்தான் இந்த வேலையில் சேர்ந்தேன். அம்மா சிரித்துவிட்டு இரண்டு தம்ளர் மோர் வைத்தார். எதில் உப்பு என்று கேட்டார். சொன்னேன். மாட்டைப் பற்றி அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

எனக்குப் பொய் சொல்லப் பிடிக்காது. நடந்ததைத்தான் சொல்வேன். நான் பிறந்து வளர்ந்த சிந்தாதிரிப்பேட்டையில் ஒருநாள் கூவம் அரைமணி நேரம் மல்லிகைப்பூ வாசம் அடித்தது. எங்கள் தெருவில் பதினான்கு பேர் மயங்கி விழுந்தார்கள், பழக்கமில்லாத வாசம். சைதாப்பேட்டை கோர்ட்டில் ஒரு காக்கை வந்து சாட்சி சொன்னதையும் நான் நேரில் பார்த்தேன். குறுக்கு விசாரணையில் மட்டும் கொஞ்சம் தடுமாறியது. இதையெல்லாம் சொன்னால் அடையாறு சமையலறையின் தலைமைச் சமையல்காரன் ஆசிஃப், "நைனா ஆரம்பிச்சிட்டாரு, அடுப்ப அணைங்கடா" என்பான்.

இப்போது சொல்லப்போவது காக்கையைவிடச் சாதாரணமான விஷயம். அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

கிரீஷ் என்று ஒருவன் எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறான். முப்பது வயது, மயிலாப்பூர்க்காரன், யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாதவன். அவன் சமையலறைக்கு ஒன்றாக மூன்று கறுப்புப் பெட்டிகள் வைத்திருந்தான். அடையாற்றுப் பெட்டிக்கு இடம் கிடைத்தது நான் ருசி பார்க்கும் அறையில். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, நான், அது. வேளாவேளைக்கு அது மணி அடிக்கும். நான் ஒரு வாய் மென்று, 'உப்பு இல்லை' என்று அதன் திரையில் தொட வேண்டும்.

"மூணு மிஷின்லயும் ஒரே லிஸ்ட் இருக்கும் மாமா. ஒண்ணு படுத்தாலும் மீதி ரெண்டு தாங்கிக்கும். சமையக்கட்டுல இருக்கற திரைக்கு, எது முழிச்சிண்டு இருக்கோ அதுலேர்ந்து லிஸ்ட் வந்துடும். ஒண்ணு படுத்ததே யாருக்கும் தெரியாது" என்றான் பெருமையாக.

"ஒருத்தன் சாப்பாடு வோணான்னா பேர அழிச்சிடுவியா?"

"அழிக்கமாட்டோம். அவர் பேர் மேல ஒரு கல்லறை வைப்போம். 'இவர் இனிமே இல்லை'ன்னு ஒரு குறிப்பு. அந்தச் சேதி மூணு மிஷினுக்கும் போய்ச் சேரணும். பத்து நாள் கழிச்சு, கல்லறையையும் சேர்த்துத் துடைச்சுடுவோம்."

"பத்தாம் நாள் காரியம்னு சொல்லு."

"ஐயோ மாமா!"

"சரி, ஒரு மிஷினு அந்தப் பத்து நாளும் தூங்கிக்கினே இருந்துச்சுன்னா?"

கிரீஷின் முகம் மாறியது. "அதான் ஆபத்து. அதுக்கு சாவுச் சேதியே தெரியாது. எழுந்து வந்து, 'இவர் பேர் என்கிட்ட இருக்கே, உங்ககிட்ட காணுமே'ன்னு மத்ததுங்களுக்கு எடுத்துக் குடுக்கும். அதுங்ககிட்ட கல்லறையும் இருக்காது. 'நாமதான் விட்டுட்டோம் போலிருக்கு'ன்னு வாங்கி வச்சுக்கும். அப்படித் தூங்கின மிஷின எழுப்பக்கூடாது. உள்ள இருக்கறத சுத்தமாத் துடைச்சுட்டு, மத்த ரெண்டையும் பார்த்து மறுபடி எழுதவைக்கணும். அது நான்தான் பண்ணணும்."

சொன்னதோடு நில்லாமல் ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டியின் முகப்பில் ஒட்டினான்: 'பத்து நாளுக்கு மேல் அணைந்திருந்தால் ஆன் செய்யாதீர்கள்.' ஒட்டிவிட்டு விடுப்பில் போனான். கல்யாணம், பிறகு கொடைக்கானல், பிறகு மாமனார் வீட்டில் தலைதீபாவளி. மூன்று வாரம்.

அவன் போன மறுநாள் ஆயுத பூஜை.

கைசர் ஜஹான் அம்மா வருஷாவருஷம் மூன்று சமையலறைகளுக்கும் பொரி, கடலை, மாலை எல்லாம் தன் கையாலேயே பார்த்து அனுப்புவார். நோன்புக் கஞ்சிக்கு நாங்கள் எல்லோரும் அவர் வீட்டில் ஆஜராவோம். கொடுக்கல் வாங்கல் சரிதான். கரண்டி, அரிவாள்மணை, கிரைண்டர் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டன. ஆசிஃப் தன் ஸ்கூட்டரைத் துடைத்துக் கொண்டுவந்து, "நைனா, நம்ம வண்டிக்கும் ஒண்ணு வச்சுடு, பிரேக் சரியில்ல" என்றான். வைத்தேன்.

பிறகு என் அறைக்கு வந்தேன். பெட்டி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற ஆயுதத்துக்கு யாரும் பொட்டு வைப்பதில்லை, அணைத்தேன். மிஷினுக்கு நெற்றி எது என்று பார்த்தேன். கிரீஷ் ஒட்டிய தாள்தான் நெற்றி மாதிரி வெள்ளையாக அகலமாக இருந்தது. சந்தனத்தைக் குழைத்து வலது பக்கம் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். பின்பக்கக் கம்பி வலைக்குள் ஒரு சின்ன ஃபேன். அதை மட்டும் ஏன் விடுவானேன் என்று தீக்குச்சியைக் குங்குமத்தில் தோய்த்து உள்ளே விட்டு, ஏழு இறக்கைக்கும் ஏழு பொட்டு வைத்தேன். தலையில் மாலை சார்த்தி, அதன் மேல் இரண்டு கைப்பிடி பொரியும் கடலையும் போட்டேன். பெட்டியின் உச்சியில் காற்றுப் போக ஓட்டைகள் இருப்பதை அப்போது யார் கவனித்தார்கள்?

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் எடுத்துப் புழங்கலாம். மறுநாள் காலை ஆன் செய்ய விரலை நீட்டினேன். நீட்டிய விரலுக்கு மணிச் சத்தம் ஞாபகம் வந்தது. மணிக்குப் பின்னால் வரும் புடலங்காய் ஞாபகம் வந்தது. விரல் தானாகவே மடங்கித் திரும்பி வந்துவிட்டது.

மிஷின் அணைந்திருந்தால் மணி அடிக்காது. மணி அடிக்காவிட்டால் நான் மெல்ல வேண்டாம். சமையலறையில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கிரீஷ் சொன்னபடி மற்ற இரண்டும் தாங்கின. காந்தி நகர்ப் பக்கம் ஒரு வண்டிக்கடையில் மிளகாய் பஜ்ஜி போடுவார்கள். மணி அடிக்க வேண்டிய நேரத்தில் நான் அங்கே இருந்தேன். உப்பும் காரமும் எண்ணெயும் தொண்டையில் இறங்கும்போது கண்ணில் தண்ணீர் வரும். காரத்தால் அல்ல.

நாளைக்கு, நாளைக்கு என்று இருபத்தொரு நாள் ஓடின.

அடையாறு மேனேஜர் ஸ்ரீரங்கன் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். 'மிஷின் ஓடுகிறதா?' என்று தினமும் என் அறையை எட்டிப் பார்த்து ஒரு தாளில் டிக் அடிப்பது அவர் வேலை. ஆனால் அந்த மனுஷர் மாதத்தின் முதல் தேதியிலேயே முப்பது டிக்கையும் அடித்துவிடுகிற ஜாதி.

கொடைக்கானலிலிருந்து கிரீஷ் ஒரே ஒரு தடவை போன் செய்தான்.

"மாமா, போன்ல அடையாறு மிஷினுக்கு நேரா செவப்பா ஒரு புள்ளி காட்டறது. நன்னா இருக்கா அது?"

"உன்னவிட நல்லா கீது. பூஜை போட்டோமில்ல, பொட்டு வச்சிருக்கோம். அதான் உனக்கு அங்க செவப்பாத் தெரியுது."

அவன் சிரித்தான். பின்னால் ஒரு பெண் சிரிப்பும் கேட்டது. அதோடு போனை வைத்துவிட்டான். கவனியுங்கள், நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. இருந்தாலும் அதைப் போலப் பச்சைப் பொய்யை நான் அதுவரை சொன்னதில்லை.

தீபாவளி முடிந்த மறுநாள் திங்கட்கிழமை. கிரீஷ் வரப்போகிறான். காலை ஏழு மணிக்கே வந்து அறையைத் திறந்தேன். மாலை கருகிப்போயிருந்தது. தாளில் அப்பிய சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அது மறைத்தது போக மிச்சம் என்ன இருக்கிறது என்று படித்தேன்:

'பத்து நாளுக்கு மேல் அணைந்திருந்தால் ஆன் செய்'

தமிழில் 'வேண்டாம்' என்பது கடைசியில்தான் வரும். சொல் முழுக்க வந்து, வாசலைத் தாண்டி, செருப்பை மாட்டிக்கொள்ளும்போதுதான் 'ஆதே' என்று பின்னாலிருந்து கூப்பிடும். அந்தக் கடைசியில்தான் என் சந்தனம் விழுந்திருந்தது. கிரீஷ் வாயால் சொன்னது எனக்கு நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் எழுத்தில் வேறு மாதிரி இருக்கிறதே? 'செய்' என்று வயசுக்கு மரியாதை இல்லாமல் எழுதியிருக்கிறானே என்று கொஞ்சம் வருத்தம்கூடப் பட்டேன். மனுஷனுக்குச் சௌகரியமாக இருந்தால் எதைத்தான் படிக்கமாட்டான்? இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

மாலையைக் குப்பைக்கு எறிந்தேன். தாளையும் சந்தனத்தோடு கிழித்துப் போட்டேன். வெளிப்பக்கம் முழுக்க ஈரத்துணியால் துடைத்தேன். ஆன் செய்தேன். உர்ரென்றது. மணி அடித்தது. புடலங்காய் வந்தது.

அன்றைக்கு மதியம் எண்பத்து மூன்று கேரியர்கள் அதிகமாகப் போயின. ஆசிஃப்தான் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "தீபாவளிக்கு ஸ்வீட் தின்னு எல்லாருக்கும் சுகர் ஏறிடுச்சு போல நைனா, ஆர்டர் கொட்டுது" என்றான்.

எண்பத்து மூன்றும், நானும் மிஷினும் தூங்கிக்கொண்டிருந்ததில் முதல் பதினோரு நாட்களில் சாப்பாட்டை நிறுத்தி, கல்லறையும் துடைக்கப்பட்டவர்களின் பேர்கள். அறுபத்து நாலு பேர் குணமானவர்கள். மீதிப் பத்தொன்பது பேர் செத்துப்போனவர்கள்.

மறுநாள் பத்து மணிக்கு ஒரு அம்மாள் கேரியரோடு அடையாறு சமையலறைக்கு வந்தார். பெயர் சாருலதா, சைதாப்பேட்டையில் பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். கேரியரை ஸ்ரீரங்கன் மேஜையில் வைத்துச் சீட்டைத் தட்டிக் காட்டினார்.

"படிங்க."

ஸ்ரீரங்கன் படித்தார். "மதிவாணன். உப்பில்லாதது. விரைவில் நலம் பெறுக."

"அவரு என் வீட்டுக்காரர். ஆயுத பூஜைக்கு ரெண்டாம் நாள் போயிட்டாரு. மறுநாளே போன் பண்ணி நிறுத்தச் சொன்னேன். நேத்து சாப்பாடு வந்துச்சு. இங்க போன் பண்ணா, மெஹக்னு ஒரு பொண்ணு, 'நீங்க நிறுத்தவே இல்லையே மேடம், சார் ஆக்டிவா இருக்காரே'ங்குது. இன்னிக்கும் வந்திருக்கு. நலம் பெறணுமாம். எங்கேர்ந்து பெறுவாரு?"

"கொஞ்சம் உக்காருங்கோ மாமி. டெக்னிகலா ஏதோ ஆயிடுத்து."

"அவரு டெக்னிகலாவா செத்தாரு?"

ஸ்ரீரங்கன் சீட்டைக் குப்புறத் திருப்பி வைத்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"பத்தாம் நாள் காரியம் முடிச்சு, அவருக்குப் புடிச்ச வஞ்சிர மீன் வறுத்துப் படைச்சேன். காக்கா வந்து எடுத்துச்சு. சரி, மனுஷன் திருப்தியாப் போயிட்டாருன்னு நெனச்சேன். பத்தொம்பதாம் நாள் வாசல்ல உங்க புடலங்கா நிக்குது. உயிரோட இருந்தப்பவே அவரு இதத் தொட்டதில்ல சார். நான் அந்தாண்ட போனதும் தெரு நாய்க்கு வச்சிடுவாரு. நேத்து நானும் நாய்க்குத்தான் வச்சேன். மோந்து பாத்துச்சு. என்னை ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடுச்சு." அவர் கேரியரை ஸ்ரீரங்கன் பக்கம் தள்ளினார். "அதுக்கும் தெரியுது, அவர் இல்லைன்னு. உங்களுக்குத் தெரியல."

அந்தச் சமயம் உள்ளே வந்த கைசர் ஜஹான் அம்மா முழுவதையும் கேட்டுவிட்டார். முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு சாருலதாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுடுங்கம்மா. இந்தப் பாவம் எங்களது." கார் வைத்து வீட்டுக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் கேரியரைக் கையால் தொடக்கூட அவருக்கு அருவருப்பாக இருந்தது. துணியால் பிடித்து ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"கிரீஷக் கூப்பிடுங்க."

கிரீஷ் வந்தான். அதற்குள் அவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. எண்பத்து மூன்று பேரையும் லிஸ்டிலிருந்து எடுத்தும் விட்டிருந்தான்.

"மேடம், அடையாறு மிஷின் இருபத்தொரு நாள் ஆஃப்ல இருந்திருக்கு. ஆயுத பூஜையன்னிக்கு பதினொண்ணே முக்காலுக்கு நின்னது, நேத்து காலைல ஏழு பத்துக்குத்தான் எழுந்திருக்கு. இதோ, மிஷினே எழுதிவச்சிருக்கு."

"ஸ்ரீரங்கன்?"

"சான்ஸே இல்லை மேடம். ஒருநாள் விடாம பாத்துண்டு, டிக் பண்ணிண்டு வரேன். இந்தோ பாருங்கோ." தாளை நீட்டினார். டிக்குகள் எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு.

அம்மா இரண்டையும் பார்த்தார். "இது அவர் எழுதினது. அது நீ எழுதின புரோகிராம் எழுதினது. கல்யாண அவசரத்துல எதையோ மாத்திவச்சிட்டுப் போயிட்டு, இப்ப மிஷின் மேல பழி போடறியா?"

"இல்ல மேடம், சத்தியமா..."

"கபாலிண்ணே," என்று என் பக்கம் திரும்பினார். "மிஷின் உங்க ரூம்லதான இருக்கு. ஆஃப் ஆச்சா?"

அந்த இடத்தில் ஒரு சொல் போதும். 'ஆச்சு.' அதற்குப் பதில் என் வாயிலிருந்து வந்தது இது: "ஓடுதா ஓடலியான்னு என் காதுக்குத் தெரியாதும்மா. சின்ன வயசுல ஒரு ட்ரான்சிஸ்டர முழுங்கிட்டேன். அதுலேர்ந்து உள்ள எப்பவும் எதுனா ஓடிக்கினேதான் கீது."

ஆசிஃப் சிரித்தான். ஸ்ரீரங்கன் தேவைக்கு மேலேயே சிரித்தார். கிரீஷ் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம்," என்றார் அம்மா. "அது எப்படி ஆஃப் ஆச்சுன்னு காட்டு. காட்ட முடியலேன்னா, தம்பி, நீ வேற எடம் பாத்துக்கோ. மவுத்தானவங்களுக்குச் சோறு அனுப்பிச்ச பேரோட உன்னை வச்சுக்க என்னால முடியாது."

புதனும் வியாழனும் கிரீஷ் என் அறையில்தான் உட்கார்ந்திருந்தான். திரையில் எழுத்து எறும்புபோல ஊரும். அதையே வெறித்துப் பார்ப்பான். மணி அடிக்கும், நான் மெல்லுவேன்.

வியாழன் மதியம் அவன் மனைவி ஸ்ரீரஞ்சனி டிபன் பாக்ஸோடு வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் புதுசாக இருந்தது. அவன் கை கழுவப் போயிருந்தான். எனக்கும் ஒரு கிண்ணத்தில் சாதமும் சுண்டைக்காய் வத்தக்குழம்பும் போட்டுக் கொடுத்தாள்.

"நீங்கதான போன்ல பேசினது? பொட்டு மாமா?" என்றாள். "அன்னிக்கு அவர் உடனே மெட்ராஸ் கிளம்பறேன்னார். அந்த செவப்புப் புள்ளி அவரை உறுத்திண்டே இருந்தது. நான்தான் பிடிச்சு நிறுத்தினேன். 'அந்த மாமாதான் நன்னா இருக்குன்னு சொல்லிட்டாரே'ன்னேன். இப்ப என்னாலதான் வேலை போறதோன்னு இருக்கு."

குழம்பை வாயில் வைத்திருந்தேன். புளி, உப்பு, நல்லெண்ணெய், வறுத்த சுண்டைக்காய். உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும், அது என் வாயில் புடலங்காயாக மாறியது. பதினோரு வருஷத்தில் உப்பில்லாததை உப்பில்லாததென்று சொன்ன நாக்கு, முதல் முறையாக உப்பையே உப்பில்லை என்றது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எல்லோரும் என் அறையில் கூடினார்கள். கிரீஷ் கையில் ஒரு பை இருந்தது. தன் சாமான்களை ஏற்கெனவே எடுத்து அதில் போட்டிருந்தான்.

"காட்டறதுக்கு ஒண்ணும் இல்லை மேடம்," என்றான். "ஆஃப் ஆனது நிஜம். யார் பண்ணான்னு மிஷினுக்குத் தெரியாது."

"நான்தான் பண்ணேன்," என்றேன்.

யாரும் திரும்பவில்லை. மறுபடி சொன்னேன். "பூஜைக்கு நான்தாம்மா ஆஃப் பண்ணேன். மாலை போட்டு, சந்தனம் வச்சு, பொரி போட்டேன். புடலங்கா துன்ன முடியாம இருபத்தொரு நாளு ஆன் பண்ணாம உட்டுட்டேன். ஆன் செய்யாதீங்கன்னு எழுதினதுல சந்தனம் பட்டு ஆன் செய்ன்னு ஆயிடுச்சு. ஆன் பண்ணேன். செத்தவங்கல்லாம் எழுந்து வந்துட்டாங்க."

ஆசிஃப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "யா அல்லா! நைனா, காக்காவும் சாட்சிக்கு வருதா?"

"அண்ணே," என்றார் அம்மா, பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ஒருத்தன் வேலை போகுது. இப்பவுமா வெளையாட்டு?"

"வெளையாட்டு இல்லம்மா. இது நெஜம்."

"கூவம் மணத்ததும் நெஜம்னுதான் சொன்னீங்க."

கிரீஷ் என் தோளில் கைவைத்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "வேண்டாம் மாமா. என்னைக் காப்பாத்தறதுக்காகக் கதை கட்டாதீங்கோ. எனக்குப் புரியறது."

மாலை குப்பை வண்டியில் போய்விட்டது. தாளும் போய்விட்டது. பெட்டியைப் பளபளவென்று நானே துடைத்துவைத்திருந்தேன். வாழ்நாள் முழுக்கச் சொன்ன கதைகள் எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்று வழியை மறித்துக்கொண்டன. எல்லாம் நான் பெற்றவை. ஒன்றைக்கூடத் தள்ள முடியவில்லை. ஸ்ரீரங்கன் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. அவர் ஒருவர்தான் என்னை நம்பினார்.

"அப்ப அத அணைச்சிட்டுத் திறங்க," என்றேன். "அந்த ஃபேனப் பாருங்க. ஏழு எறக்க. ஏழு பொட்டு. ஒண்ணு கொறஞ்சா என் பல்ல ஒடைங்க."

"எந்த ஃபேன்?" என்றான் கிரீஷ். பையைக் கீழே வைத்தான்.

அணைத்தான். ஸ்க்ரூடிரைவரை எடுத்து நாலு திருகைக் கழற்றி மூடியைத் தூக்கினான்.

முதலில் வந்தது வாசனை. நமுத்த பொரியும் அழுகின சாமந்தியும் சூடான பிளாஸ்டிக்கும் சேர்ந்த ஒன்று. கூவத்தைப் பற்றி நான் சொன்ன எல்லாக் குறைகளையும் அந்த நிமிஷம் வாபஸ் வாங்கிக்கொண்டேன். பிறகு அவை வந்தன. கரப்பான் பூச்சிகள். பெரியவர், சின்னவர், கைக்குழந்தைகள் என்று ஒரு கூட்டுக் குடும்பம். பொரியைத் தின்று, கடலைத் தோலை மட்டும் மிச்சம் வைத்து, பச்சை சர்க்யூட் பலகையின் மேல் முட்டையிட்டு வளமாக வாழ்ந்திருந்தன. ஒன்று மீசையை ஆட்டிக்கொண்டு ஸ்ரீரங்கனின் வேட்டியை நோக்கி நடந்தது. அவர் நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

"தோபா, தோபா! சீ!" கைசர் ஜஹான் அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். "இதுக்குப் பக்கத்துல வச்சா எங்க சோத்த ருசி பாக்கறீங்க?"

கிரீஷ் மட்டும் நகரவில்லை. ஃபேனை விரலால் மெதுவாகச் சுற்றினான். ஒவ்வொரு இறக்கையாக வந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் மிளகு அளவுக்கு ஒரு குங்குமப் பொட்டு, மங்கலாக, ஆனால் வட்டமாக.

"ஏழு," என்றான்.

அம்மா குனிந்து பார்த்தார். "ஓடற ஃபேனுக்கு யாராலயும் பொட்டு வைக்க முடியாது," என்று தனக்குள் சொன்னதுபோலச் சொன்னார். நிமிர்ந்தார். "பூஜையன்னிக்கு எத்தனை மணிக்கு நின்னதுன்னு சொன்னே?"

"பதினொண்ணே முக்கால்."

"அன்னிக்கு நைனா என் வண்டிக்குப் பொட்டு வச்சது பதினொண்ணரை," என்றான் ஆசிஃப். இப்போது அவன் சிரிக்கவில்லை.

அம்மா கிரீஷின் பையைத் தானே எடுத்து அவன் மேஜையில் வைத்தார். "உன் மிஷின் உண்மையத்தான் எழுதிச்சு. நான்தான் படிக்கல. மன்னிச்சுடு தம்பி." பிறகு நாற்காலிமேல் நின்றவரைப் பார்த்தார். "ஸ்ரீரங்கன், எறங்குங்க. பத்தொம்பது வீட்டுக்கும் நேர்ல போய் மன்னிப்பு கேட்டுட்டு வாங்க. டிக் போட்டு அனுப்பாதீங்க, ஒவ்வொரு வீட்லயும் கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

கடைசியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கரப்பானைப் பார்த்தபோது இருந்ததே, அதுதான் இருந்தது.

"இருபத்தொரு நாள் நாக்குக்கு லீவு விட்டீங்கல்ல அண்ணே. வேலைய விட்டு அனுப்பினா அது உங்களுக்கு விடுதலை. அனுப்பமாட்டேன். வேளைக்கு எண்பத்து மூணு சாப்பாடு வீணாச்சு. எண்பத்து மூணையும் நீங்க சாப்பிடுங்க. ஒரு வாய் இல்ல. முழு கேரியர்."

பெட்டியைக் கழுவித் துடைத்து, கிரீஷ் முறைப்படி உள்ளே எல்லாவற்றையும் அழித்து மறுபடி எழுதவைத்தான். புதிய தாள் ஒன்று ஒட்டினான். ஒட்டுவதற்கு முன் என்னிடம் காட்டினான்.

"படிங்கோ மாமா. எங்க வேணா சந்தனம் வச்சுக்கோங்கோ."

'கூடாது! பத்து நாளுக்கு மேல் அணைந்திருந்தால் ஆன் செய்யக் கூடாது! கூடாது!' முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. அதன் கீழே கைசர் ஜஹான் அம்மா சிவப்புப் பேனாவில் தன் கையாலேயே சேர்த்திருந்தார்: 'இது ஆயுதம் அல்ல.'

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மணி அடிக்கிறது. இன்றைக்கு முப்பத்தோராவது கேரியர். மூடியைத் திறந்தால் ஆவிகூட அலுப்போடுதான் எழுந்து வருகிறது. நான் சொல்லும் கதைகளை இப்போது எல்லோரும் நம்புகிறார்கள். நேற்று காக்கைக் கதையைச் சொன்னேன், கிரீஷ் முகத்தைச் சுளிக்காமல், "குறுக்கு விசாரணையில என்ன கேட்டா மாமா?" என்றான். இனிமேல் கதை சொல்வதில் என்ன சுகம் இருக்கிறது?

புடலங்காயைக் கிட்டே கொண்டுவந்து மோந்து பார்க்கிறேன். சைதாப்பேட்டையில் ஒரு நாய் இதே காரியத்தைச் செய்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போயிருக்கிறது. பதினோரு வருஷமாக எனக்கு வராத புத்தி அதற்கு ஒரே மோப்பத்தில் வந்துவிட்டது.